மகனுக்குத் தந்தையின் தோல் ஒட்டுமா?



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், மகன் மேலே வெந்நீர் கொட்டிடுச்சு. என் தோலை எடுத்து அவனுக்கு வைக்க மாட்டாங்களா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை, துஆ மட்டும் செய்தேன். பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பெற்ற தந்தையின் தோலானாலும் பிள்ளையின் உடல் அதை அந்நியமாகவே பார்க்கும். சில வாரங்களில் தள்ளிவிடும். அதுவரை புண்ணை மூடிவைக்கும், அவ்வளவுதான். நிலைத்து நிற்பது சொந்தத் தோலே. காயம் சிறிதென்றால் தொடையிலிருந்து மெல்லிய ஏடாகச் சீவி ஒட்டிவிடுகிறார்கள். உடல் முழுதும் வெந்தவருக்கு எங்கிருந்து எடுப்பது?

1975இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் இருவரும் மனிதத் தோல் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் பெருக்க வழி கண்டார்கள். 1983இல் பாஸ்டனில், உடலின் பெரும்பகுதி வெந்த இரண்டு சிறுவர்கள் அப்படி வளர்த்த தோலால் உயிர் பிழைத்தார்கள். கதிர்வீச்சால் பெருக முடியாதபடி செய்த எலி செல்களின் மீதுதான் இதை வளர்க்கிறார்கள். முகம் சுளிப்பவர்கள், உயிர் காக்கும் நிர்பந்தத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் உலுக்கியது ஜெர்மனியில், போகும் நகரில் நடந்தது. சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பம். ஏழு வயதுச் சிறுவன். மரபணுக் குறையால் மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாமல் கொப்பளித்து உரியும் நோய். 2015இல் அவன் மேல்தோலில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. தந்தையின் தோலை வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அப்போது இத்தாலியின் மொடெனாவிலிருந்து மிக்கேலே டி லூக்கா குழுவினர் முன்வந்தார்கள். சிறுவனின் நல்ல தோலில் நான்கு சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு தபால்தலை அளவு எடுத்தார்கள். அந்தச் செல்களில் சரியான மரபணுவை வைரஸ் வழியாக ஏற்றி, ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரை வளர்த்து ஒட்டினார்கள். 2016 பிப்ரவரியில் அவன் வீடு திரும்பினான். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் தோல் உறுதியாகவே இருந்ததாம்.

குறைகளும் உண்டு. வளர்க்க வாரக்கணக்கில் ஆகும்; அதற்குள் கிருமி தொற்றினால் ஆபத்து. வளர்வது மேல்தோல் மட்டுமே. வியர்வைச் சுரப்பியும் முடியும் வருவதில்லை. செலவும் மிக அதிகம்.

நம் சகோதரரிடம் இதையெல்லாம் சொன்னேன். மகனுக்கு அவன் தொடைத் தோலே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.