வேரில் விரிசல் தேடும் இளம் பல் மருத்துவர்களுக்கு

வேர் சிகிச்சை செய்த பல்லில் வலி திரும்பி வருகிறது. ஈறில் சீழ்க்கொப்புளம் கிளம்புகிறது. வேர் பிளந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் இன்று பலர் சிபிசிடி ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிடுகிறார்கள். 1990-களின் இறுதியில் இத்தாலியின் வெரோனாவிலிருந்து நியூடாம் என்ற சிபிசிடி இயந்திரம் வந்த பிறகு பல்லை முப்பரிமாணத்தில் பார்க்கும் வசதி நமக்குக் கிடைத்தது. அது பெரிய வரம்தான். ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரியாமல் நம்பினால் காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிடுவீர்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

1. முதலில் புரோபைக் கையில் எடுங்கள்.

நெடுக்குப் பிளவு பெரும்பாலும் வேர் சிகிச்சை செய்த பற்களில்தான் வரும். அதிலும் மேல் முன்கடைவாய்ப் பற்களும் கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரும்தான் அதிகம் மாட்டும். இந்த வேர்கள் கன்னப் பக்கமிருந்து உள்பக்கமாக அகலமாகவும், முன்பின்னாகக் குறுகலாகவும் இருக்கும். பிளவும் அந்த அகல வாக்கிலேயே ஓடும்.

மெல்லிய புரோபை ஈறோரத்தில் இறக்கி, பல்லைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அவசரப்படாதீர்கள். 2 மி.மீ., 3 மி.மீ. என்று வந்துகொண்டே இருக்கும் ஆழம், கன்னப் பக்கம் ஒரே ஓரிடத்தில் திடீரென்று 8 மி.மீ.க்கு இறங்கும். ஒரு மயிரிழை நகர்த்தினால் மறுபடியும் 3 மி.மீ. ஈறு நோயில் வரும் பை அகலமாக, சரிவாக இறங்கும். இது கிணறு மாதிரி நேராக இறங்கும். சீழ்த்துளை வேர்நுனிக்கு நேரே இல்லாமல் ஈறோரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்தத் துளைக்குள் ஒரு கட்டா பெர்ச்சா முனையை மெல்ல விட்டு எக்ஸ்ரே எடுத்தால், அது வேர்நுனிக்குப் போகிறதா, நடுவேரில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். அப்போதுதான் ஸ்கேனில் எந்த இடத்தைத் தேடுவது என்று உங்களுக்குத் தெரியும்.

2. சின்ன எக்ஸ்ரேயை ஏளனமாக நினைக்காதீர்கள்.

ஒரு பல்லுக்கான சாதாரண எக்ஸ்ரேயை நேராக ஒன்று, கோணம் மாற்றி ஒன்று என்று எடுங்கள். பிளவுக் கோடு அதில் தெரிய வேண்டுமானால் கதிர் அந்தப் பிளவின் வழியாகவே ஊடுருவ வேண்டும். கோணம் கொஞ்சம் விலகினாலும் மறைந்துவிடும். ஆனால் வேர்நுனியைச் சுற்றி, வேரின் பக்கவாட்டில் மேலேறி வரும் ‘ஜே’ வடிவக் கருமை பலமுறை தெரியும். அது பெரிய துப்பு. பிளவுக்கு மட்டுமே உரியது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

எலும்புக்குள் சேதம் இருந்தும் படம் சுத்தமாக வருவது உண்டு. ஆய்வாளர்கள் பெண்டரும் செல்ட்சரும் 1961-இலேயே இதைக் காட்டினார்கள்: உள்ளிருக்கும் பஞ்செலும்பு மட்டும் அழிந்திருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போகலாம், வெளியோட்டெலும்பு தேய்ந்தபிறகே கருமை நன்றாகத் தெரியும். ஸ்கேன் நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான்.

3. ஒரு பல்லுக்கு முழுத் தாடையையும் எடுக்காதீர்கள்.

ஒற்றைப் பல்லின் வேரைப் பார்க்கக் கேட்ட இடத்தில், இரண்டு தாடையையும் சேர்த்து எடுத்த ஸ்கேனோடு நோயாளிகள் வருகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். இம்ப்ளான்ட் திட்டமிடலுக்கு ஏற்ற அந்தப் பெரிய படத்தில் ஒரு வோக்சல் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். வேரின் நுண்மை அதில் அகப்படாது. 4 அல்லது 5 செ.மீ. பரப்பு, 0.075 முதல் 0.125 மி.மீ. வரையிலான வோக்சல் என்று கேட்டு வாங்குங்கள். அப்போதும் அன்றைக்கு விழுந்த புது விரிசல் அந்த வோக்சலைவிட மெல்லியதாக இருக்கலாம். அது படத்தில் விழாது.

கதிர்வீச்சுக் கணக்கும் மனதில் இருக்கட்டும். ஒரு சின்ன எக்ஸ்ரேக்குச் சில மைக்ரோசீவர்ட்தான். சிறு பரப்பு சிபிசிடிக்கு இயந்திரத்தைப் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து நூறைத் தாண்டியும் போகலாம். இயற்கையிலிருந்து மனிதனுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட் கிடைப்பதை ஒப்பிட்டால் இது பயப்பட வேண்டிய அளவு இல்லை. அதற்காகத் தேவையில்லாமல் கொடுப்பதற்கும் நியாயம் இல்லை. குழந்தை என்றால் இரண்டு முறை யோசியுங்கள். அமெரிக்க வேர்சிகிச்சை மருத்துவர் சங்கமும் அந்நாட்டு வாய்-முகக் கதிரியல் கழகமும் 2015-இல் புதுப்பித்த கூட்டறிக்கையும் இதையேதான் சொல்கிறது: முதலில் சாதாரண எக்ஸ்ரே, அதில் விடை கிடைக்காதபோது சிறு பரப்பு ஸ்கேன்.

4. கறுப்புக் கோடு எல்லாம் பிளவு இல்லை.

பலரும் தடுக்கி விழும் இடம் இது. கட்டா பெர்ச்சா, உலோக போஸ்ட், கேப், பக்கத்துப் பல்லின் வெள்ளி அடைப்பு எல்லாமே கதிரின் மெல்லிய பகுதியை விழுங்கிவிட்டுக் கடினமான பகுதியை மட்டும் வெளியே விடும். கணினி அந்தக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு, உலோகத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்றுகளையும் கறுப்புப் பட்டைகளையும் வரைந்துவிடும். அந்தக் கறுப்புப் பட்டை வேரின் குறுக்கே விழுந்தால் அசல் பிளவு மாதிரியே இருக்கும். பிளவு அதிகம் வருவதும் அடைத்த வேரில்தான், ஸ்கேன் அதிகம் ஏமாற்றுவதும் அடைத்த வேரில்தான். இந்த முரண்பாட்டை மறக்கவே மறக்காதீர்கள்.

பிரித்தறிய நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் படத்தை அந்த வேரின் நீள அச்சுக்கு நேராகத் திருப்பிக்கொள்வேன். மென்பொருள் திறந்ததும் வரும் கோணத்தில் ஒருபோதும் முடிவு சொல்ல மாட்டேன். பிறகு குறுக்குவெட்டில் ஈறுப் பக்கமிருந்து நுனி வரை ஒவ்வொரு துண்டாக உருட்டிப் பார்ப்பேன். அசல் பிளவு அடுத்தடுத்த துண்டுகளில் அதே இடத்தில் தொடரும். வேரின் விளிம்போடு நின்றுவிடும். வேறொரு தளத்திலும் தெரியும். பொய்க் கோடு வேரைத் தாண்டி எலும்புக்குள்ளும் பக்கத்துப் பல்லுக்குள்ளும் ஓடும். உலோகம் முடிந்த மட்டத்தில் அதுவும் மறைந்துவிடும். நோயாளி அசைந்திருந்தால் பல்லின் விளிம்பே இரட்டையாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்துப் பிளவு பற்றிப் பேசவே கூடாது.

உலோகக் கீற்றைக் குறைக்கும் பொத்தான் பல இயந்திரங்களில் உண்டு. படம் அழகாகும். பிளவைக் கண்டுபிடிக்க அது பெரிதாக உதவும் என்று நம்பாதீர்கள். மறுபடி வேர் சிகிச்சை செய்வதாக ஏற்கெனவே முடிவெடுத்திருந்தால், பழைய கட்டா பெர்ச்சாவை எடுத்துவிட்டு ஸ்கேன் எடுப்பது எவ்வளவோ மேல்.

5. கறுப்புக் கோட்டையே தேடாதீர்கள், எலும்பைப் பாருங்கள்.

பிளவு படத்தில் தெரியாவிட்டாலும் அது எலும்பில் செய்த வேலை தெரியும். பிளவின் வழியாகக் கிருமி கசிந்து, அதற்கு நேரேயுள்ள எலும்பைத் தின்றுவிடும். நடுவேரில் மட்டும் எலும்பு போய், மேலும் கீழும் நன்றாக இருக்கிறதா? கன்னப் பக்கச் சுவர் முழுதுமே காணோமா? வேருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா? போஸ்ட் முடியும் இடத்தைச் சுற்றிக் கருமையா? புரோப் இறங்கிய அதே இடத்தில் இவற்றில் ஒன்றைப் பார்த்தால், கோடு தெரியாவிட்டாலும் என் சந்தேகம் வலுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. சிலருக்கு இயல்பாகவே கன்னப் பக்க எலும்பு காகிதம் போல மெல்லியது. ஸ்கேனில் அது இல்லாதது போலவே தோன்றும். புரோப் இறங்காத இடத்தில் எலும்பு மட்டும் இல்லை என்றால் நிதானியுங்கள்.

6. வேர்ச் சேதம் என்றால் பிளவு மட்டும் இல்லை.

விழுந்து அடிபட்ட முன்பல்லில் குறுக்குப் பிளவு வரும். சைக்கிளிலிருந்து விழுந்த பையனின் எக்ஸ்ரேயில் அது நடுவேரில் இருப்பதாகத் தெரியும். பக்கவாட்டு வெட்டில் பார்த்தால் அந்தக் கோடு சரிந்து, அண்ணப் பக்கம் எலும்பின் விளிம்பு வரை ஏறியிருக்கும். நாம் பல்லைக் கட்டிவைக்கும் காலமே இதனால் மாறும்: பல்காய மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி நடுவேரிலும் நுனியிலும் என்றால் 4 வாரம், கழுத்துப் பகுதியில் என்றால் 4 மாதம் வரை. பிளவைப் பார்த்த அன்றைக்கே வேர் சிகிச்சையைத் தொடங்கிவிடாதீர்கள். நரம்பு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பல்லின் கழுத்தில் வெளியிலிருந்து வேர் கரைவது இன்னொன்று. வலி இருக்காது. எக்ஸ்ரேயில் சொத்தை மாதிரி இருக்கும். எவ்வளவு உயரம், வேரைச் சுற்றி எவ்வளவு தூரம், நரம்புக்கு எவ்வளவு அருகில் என்ற மூன்றும் ஸ்கேனில்தான் தெரியும். பல் நிற்குமா என்பதை அந்த மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். ஸ்கேனின் உண்மையான பலம் என்று நான் நினைப்பது இதைத்தான். முளைக்காமல் சிக்கிய கோரைப்பல் பக்கத்து முன்பல்லின் வேரைத் தின்பதும் அப்படியே. சாதாரண எக்ஸ்ரே அதில் பலவற்றைத் தவறவிடும்.

7. படத்தை மட்டும் நம்பிப் பிடுங்காதீர்கள்.

புரோப், சீழ்த்துளை, எக்ஸ்ரே, எலும்பு நான்கும் ஒரே திசையைக் காட்டினால் சரி. ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஈறைத் திறந்து, மெத்திலீன் புளூ சாயம் தடவி, நுண்ணோக்கியில் நேரில் பாருங்கள். பிளந்த இடத்தில் நீலக் கோடு நிற்கும். கடைவாய்ப் பல்லில் ஒரு வேர்தான் பிளந்திருக்கிறது என்றால், அந்த வேரை மட்டும் வெட்டியெடுத்து மற்றதைக் காப்பாற்ற முடியுமா என்றும் யோசியுங்கள். நோயாளியிடம் ‘ஸ்கேனில் பிளவு இல்லை’ என்று சொல்லாதீர்கள். ‘ஸ்கேனில் தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். சில மாதத்தில் எலும்பு மேலும் போயிருந்தால் உங்கள் சொல் உங்களையே குற்றம் சாட்டக்கூடாது.

8. சீட்டை ஒழுங்காக எழுதுங்கள்.

‘சிபிசிடி’ என்று ஒரே சொல்லைக் கிறுக்கி அனுப்பினால் ஸ்கேன் மையத்தில் அவர்களுக்குத் தோன்றியதை எடுத்துத் தருவார்கள். பல் எண், பரப்பு, வோக்சல், புரோப் எந்தப் பக்கம் எத்தனை மி.மீ. இறங்கியது, உள்ளே போஸ்ட் இருக்கிறதா, எந்தச் சந்தேகத்துக்கு விடை வேண்டும் என்பதை எழுதுங்கள். அச்சடித்த பிலிம் போதாது. உருட்டிப் பார்க்கும்படி முழு டைகாம் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின், அந்தப் பல்லை மட்டும் இல்லாமல் படத்தில் விழுந்த எல்லாவற்றையும் பாருங்கள். புரியாத ஒன்று தெரிந்தால் வாய்க் கதிரியல் நிபுணரிடம் அன்றைக்கே கேளுங்கள்.