எய்ம்ஸில் நின்றுபோன கணிப்பொறிகள்

டெல்லியில் கிட்வாய் நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. ரஃபி அகமது கிட்வாய் என்ற தலைவரின் பெயர் அது. அவர் சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். அந்தக் காலத்தில் தகவல் என்றால் தபால், தந்தி, தொலைபேசி. அவ்வளவுதான்.

கிட்வாய் நகருக்குப் பக்கத்தில் எய்ம்ஸ் மருத்துவமனை உள்ளது. அது 1956-ல் தொடங்கியது. மத்திய அரசின் மருத்துவமனை. பல மாநிலங்களிலிருந்து ஏழை நோயாளிகள் ரயில் ஏறி அங்கே வருகிறார்கள்.

2022 நவம்பர் 23, புதன்கிழமை. காலையிலேயே அங்கே கணிப்பொறிகள் வேலை செய்யவில்லை. நோயாளியின் பெயரைப் பதிய முடியவில்லை. பரிசோதனை முடிவுகளைத் திரையில் பார்க்க முடியவில்லை. ஊழியர்கள் பேனாவை எடுத்தார்கள். சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். இப்படியே சுமார் இரண்டு வாரம் போனது.

என்ன நடந்தது? முகம் தெரியாத சிலர் கம்பி வழியே உள்ளே புகுந்துவிட்டார்கள். தகவல்களைத் திருடர் பூட்டுப் போட்டுப் பூட்டியதுபோலப் பூட்டிவிட்டார்கள். சாவி அவர்கள் கையில். இப்படிப் பூட்டுகிறவர்கள் வழக்கமாகப் பணம் கேட்பார்கள். எய்ம்ஸில் குறிப்பிட்ட தொகை எதையும் கேட்கவில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சர்வர் என்பது எல்லாத் தகவலையும் வைத்திருக்கும் பெரிய கணிப்பொறி.

எப்படிப் புகுந்தார்கள்? அதற்கும் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. கணிப்பொறி இணைப்புகளைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்றது அரசு. ஒரு வீட்டில் பல அறைகள் இருக்கின்றன. அறைகளுக்கு நடுவே கதவே இல்லை. திருடன் ஓர் அறைக்குள் வந்தால் போதும், வீடு முழுவதும் அவனுடையது. வெளியே இருக்கும் திருடனைப் பிடிப்பது கடினம். கதவு வைப்பது நம் கையில் இருந்த வேலை.

ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. தகவல்களின் நகல் வேறு ஒரு சர்வரில் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. நிலப் பத்திரத்தின் நகலை அக்காள் வீட்டில் கொடுத்து வைப்பது போலத்தான். அந்த நகலைக் கொண்டு புதிய சர்வர்களில் வேலை மறுபடி தொடங்கியது.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது. கணிப்பொறித் தாக்குதல்களைக் கவனிக்க 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்பு 2004 முதல் இயங்குகிறது. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று அது 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. யாரிடம் சொல்ல வேண்டும்? அந்த அமைப்பிடம். நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை.

நோயாளியின் வியாதி விவரம் யாருடைய சொத்து? மருத்துவமனை அதைக் காவல் காக்கிறது, அவ்வளவே. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தகவல் களவு போனால், உரிய ஆளுக்கே தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகச் சில அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. விலக்கு யாருக்கு என்பதை அரசே அறிவிக்கும். நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பலர் குறை சொன்னது இந்த இடத்தைத்தான்.