கழலாமலும் வேண்டும், கழலவும் வேண்டும்!



"எதைப் பொருத்தினாலும் ஆடாமல் அசையாமல் பொருத்து" என்பதுதான் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் கற்ற முதல் பாடம். ஆனால் சரியான நேரத்தில் கழன்றால்தான் உபயோகம் என்கிற பாகங்களும் உண்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு இரண்டு லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டில்!

கண்காட்சிக்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாட்டர் ராக்கெட் செய்தேன். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் காற்று, தலையில் அட்டைக் கூம்பு, அதற்குள் பாலிதீன் பாராசூட். முதல் முறை கூம்பு லூஸ். வேகத்திலேயே கழன்று, பாராசூட் நூல் அறுந்துபோச்சு. "விடு மச்சி, நல்லா ஒட்டிடலாம்" என்று அடுத்த முறை செலோ டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினோம். ஜோராக ஏறியது. ஆனால் கூம்பு கழலவே இல்லை. தலைகீழாக வந்து, வேடிக்கை பார்த்த ஜூனியர் பையனுக்கு நாலடி தள்ளித் தரையில் குத்தியது. கைதட்டிய அத்தனை பேரும் கப்சிப். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மாடல் ராக்கெட் பொழுதுபோக்கு பிறந்தது அமெரிக்காவில். நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-ல் தன் மாடலைச் செய்தார். அங்கே கடையில் விற்கும் மோட்டாரில் 'சி6-5' என்று அச்சிட்டிருக்கும். 'சி' என்றால் மொத்தக் கணத்தாக்கு 5-க்கு மேல் 10 நியூட்டன் செகண்டு வரை. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் காத்திருக்கும் செகண்டுகள். அதற்குப் பின் மோட்டாரின் முன்பக்கத்திலுள்ள சிறு மருந்து வெடித்து, அந்த வாயு கூம்பையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும்.

சூட்சுமம் இங்கேதான். வாயுவுக்குக் கண் கிடையாது. எது லூஸோ அதைத்தான் தள்ளும்! கூம்பு டைட்டாகவும் மோட்டார் லூஸாகவும் இருந்தால், மோட்டார் பின்பக்கமாகப் பறந்துவிடும், பாராசூட் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே மோட்டாருக்கு முன்னால் தடுப்பு வளையமும் பின்னால் ஸ்டீல் கொக்கியும் வைக்கிறார்கள். கூம்பின் அடிக்கழுத்தில் மாஸ்கிங் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஃபிட் பார்க்கிறார்கள். கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் விழக்கூடாது, லேசாக உதறினால் கழல வேண்டும். இதுதான் டெஸ்ட்.

பெரிய ராக்கெட்டுகளில் சின்ன நைலான் ஸ்க்ரூக்களே ஷியர் பின். வெடிக்கும்போது அவை வெட்டுப்பட்டு வழிவிடும். உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே அடைபட்ட காற்று கூம்பை முன்கூட்டியே தள்ளிவிடக்கூடும். அதற்காக உடலில் ஒரு சிறு துளை போடுகிறார்கள்.

இது விளையாட்டுச் சமாச்சாரம் மட்டுமல்ல. 2017 ஆகஸ்ட் 31 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி39-ன் வெப்பக் கவசம் பிரியவில்லை. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் செயற்கைக்கோள் அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிட்டது. ஒரு மூடி கழலாததால் மொத்தப் பயணமும் வீண்!

மூன்றாம் முறை நாங்கள் டேப்பை எடுத்துவிட்டோம். கூம்பின் கழுத்தை நீளமாக்கி, நேராக உட்காரவைத்தோம். பார்வையாளர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தினோம். உச்சியில் வேகம் தீர்ந்ததும் கூம்பு தானாக நழுவ, பாராசூட் விரிந்தது. அப்பாடா!

தோழர்களே, ஆசைப்பட்டால் தண்ணீர் ராக்கெட்டே போதும். நாமே வெடிமருந்து இடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இன்னொன்று: கிளியரன்ஸ் ஃபிட்டா, இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்டா என்று பரீட்சைக்குப் படிப்பதோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பாகத்தைப் பொருத்தினாலும் "இது எப்போது கழல வேண்டும்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள்.