போகிக்கு முன் ஒரு கணக்கெடுப்பு

போகிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மழை ஓய்ந்துவிட்டது. காலைப் பனி விலகியதும் நல்ல வெயில் அடிக்கிறது. பரணில் கைவைக்க இதைவிடத் தோதான நேரம் வராது. முதல்நாள் ராத்திரி ஏணி போட்டு ஏறுகிறவர்கள் ஒன்று, கண்ணில் பட்டதையெல்லாம் தெருவில் எறிவார்கள். இல்லையென்றால் தும்மிக்கொண்டே எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தள்ளுவார்கள்.

கழிப்பதை அப்புறம் பார்க்கலாம், இப்போது எண்ணுங்கள். யாரோ கொடுத்த போன வருஷ டைரி ஒன்று காலியாகத்தான் கிடக்கும். பொருள் என்ன, எத்தனை, எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தோம் என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அறை அறையாகப் போனால் கணக்கு நிற்காது. ஒரே இனத்தை வீடு முழுவதிலிருந்தும் ஒரு பாயில் கொண்டுவந்து கொட்டுங்கள். கத்தரிக்கோல் தொலைந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிய வீட்டில், தையல் பெட்டி, சமையலறை, டிவி ஸ்டாண்டு என எல்லா மூலையிலிருந்தும் கத்தரிக்கோல்கள் வந்து சேரும்.

அடசலில் பெரும்பங்கு எவர்சில்வர்தான். ஒவ்வொரு குடத்தையும் கவிழ்த்துப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வந்தவற்றில் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கொடுத்தவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு டைரியில் குறித்த பிறகு, மனசுக்கு நெருக்கமான ஒன்றிரண்டை அடுக்களைக்கு இறக்குங்கள். மிச்சத்தைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம். மாமியார் சாமானை மாமியார் இல்லாத நேரத்தில் போடுவது மட்டும் வேண்டாம். அதற்கு அடசலே மேல்.

பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் வாசலில் சத்தம் கொடுத்தால், உடனே மூட்டையை அவிழ்க்காதீர்கள். அந்தக் கால அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. நாலு கடையில் காட்டி விலை தெரிந்துகொண்டு கொடுங்கள். தராத புடவைகளை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பழைய மடிப்பிலேயே விட்டால் அந்த இடத்தில் இற்றுப்போகும்.

மாத்திரை டப்பாவுக்குப் பத்து நிமிஷம் போதும். பாதி நறுக்கிய அட்டையில் காலாவதித் தேதி போயிருந்தால் அந்த மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி பல பரண்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. காயலான் கடையில் போட்டால் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு கண்ணாடியைக் குப்பையில் தள்ளிவிடும் வாய்ப்பே அதிகம். மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்கோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கோ கொடுங்கள். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்சி, கிரைண்டர் ஓடுகிற நிலையில் இருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். பழைய செல்போனில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தனியாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குத்தவோ நசுக்கவோ கூடாது.

காகிதக் கட்டை அப்படியே பேப்பர் கடைக்குத் தூக்காமல் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். எப்போதோ செத்துப்போன ஃபிரிட்ஜின் வாரண்டி அட்டைக்கு நடுவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் சிக்கியிருக்கும். பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகளை ஒரே கோப்பில் போட்டு, எங்கே வைத்தீர்கள் என்பதையும் டைரியில் எழுதுங்கள்.

டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எதையும் போகித் தீயில் போடாதீர்கள். 2018 போகியன்று சென்னையில் பனியோடு புகை கலந்து விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. சென்னை மாநகராட்சி சமீப வருஷங்களில் போகிக்கு முன்பே பழைய டயர், துணி, பாயையெல்லாம் வீடு தேடி வந்து வாங்குகிறது. மற்ற ஊர்க்காரர்கள் தூய்மைப் பணியாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். கடைசி நாளில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பொங்கலுக்குப் பாத்திரக் கடைக்குப் போகும்போது டைரியையும் கையோடு கொண்டுபோங்கள். இட்லிப் பானை மூன்று என்று அதில் எழுதியிருக்கும்.