பங்குக் கணக்கு: யாருக்கு எது?

எண்ணூர் அசோக் லேலண்டிலும் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃபிலும் உழைப்போர் நம் தெருக்களில் பலர். அந்நிறுவனங்களின் பங்குகளை இன்று கைப்பேசி வழியே வாங்கலாம். எந்தக் கணக்கைத் திறப்பது?

பணி ஓய்வுத் தொகையில் சிறிது பங்கு வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் அப்பாவுக்கு, ஆண்டுதோறும் கழியும் பராமரிப்புக் கட்டணமே சுமை. அவருக்கு ஏற்றது அடிப்படைச் சேவை டிமேட் கணக்கு. 2024 செப்டம்பர் முதல், அதிலுள்ளவற்றின் மதிப்பு 4 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அக்கட்டணம் இல்லை. ஆனால் அவர் பெயரில் வேறு டிமேட் கணக்கு இருக்கலாகாது.

அன்றே வாங்கி அன்றே விற்பவர் பார்க்க வேண்டியது தரகுக் கூலியை. பேரத்துக்கு 20 ரூபாய்தானே என்பர்! நாளில் ஐந்து முறை வாங்கி விற்றால் 200 ரூபாய். இவ்வாறு வணிகம் செய்த தனிநபர்களில் 2022–23இல் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்ததாகச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கண்டறிந்தது.

தரகரின் பதிவெண்ணைச் செபியின் இணையதளத்தில் நாமே அப்பாவுக்குத் தேடிக் கொடுக்கலாம்.