மாரியில் பார்க்க வேண்டியவை: குருவி, பூண்டு, காளான்

வன்னியில் மாரி என்றால் காலபோகம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடி அறையில் வாழும் குடும்பத்துக்கு அது குடை பிடிக்கும் காலம் மட்டுமே. 2009 இல் போர் முடிந்த பின்னரும் காணிக்குத் திரும்பாதோர் எம்மிடையே உள்ளனர். மண்ணையும் வானத்தையும் பார்த்துப் பழகிய அவர்களது கண் இங்கே சும்மா கிடக்கிறது. இப்படியே போனால் அந்தப் பார்வை பிள்ளைகளுக்குக் கிடைக்காது. ஆகவே இவ்விதழில் ஒரு சிறு பயிற்சி. ஐப்பசி முதல் பங்குனி வரை பிள்ளைகளோடு செய்யலாம். திகதி, நேரம், இடம், கண்டது ஆகியவற்றை எழுத ஒரு கொப்பி போதும்.

முதலில் ஆறுமணிக் குருவி. இந்தியாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் குஞ்சு பொரித்து, ஒக்டோபர் அளவில் இங்கு வந்து, ஏப்ரல் அளவில் திரும்புகிறது. கட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும் கூவுவதால் இந்தப் பெயர். கொழும்பிலும் மரமுள்ள வளவுகளில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடும். சருகு முழுவதையும் கூட்டி எரித்தால் அதற்கு இரையில்லை. இரவில் பறந்து வரும் குருவி களைத்து வீட்டுக்குள் விழுவதுமுண்டு. காற்றுத் துளையுள்ள பெட்டியில் அமைதியாக வைத்திருந்து, தெளிந்ததும் மரத்தடியில் விடுங்கள்.

வெள்ளவத்தை வாய்க்கால் கடலில் விழும் இடத்தையும் பாருங்கள். கொக்குகள் எப்போதும் நிற்கும்; மாரியில் ஆலாக்களும் வரும். ஈரநிலங்களின் பொருட்டே கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது.

பூண்டுகளைத் தேடி எங்கும் போக வேண்டாம். குப்பைமேனியும் கீழ்க்காய்நெல்லியும் ஒழுங்கை ஓரத்திலேயே உண்டு. மதில் வெடிப்பில் அரசங்கன்றை யார் நட்டார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பழம் தின்ற பறவையின் எச்சம்தான். ஆனால் வாய்க்கால் கரையில் வல்லாரை, பொன்னாங்காணி கண்டால் பறிக்காதீர்கள். நகரத்தின் கழிவுநீர் அதில் ஓடுகிறது.

காளான் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, தையில் காய்ந்துவிடும். எனவே முற்பகுதியிலேயே தேடுங்கள். ஊரில் உண்ட புற்றுக் காளான் கறையான் வளர்ப்பது. மென்ற தாவரப் பொருளைப் பாத்தியாகக் கட்டி, அதில் பூஞ்சணம் வளர்த்து உண்ணும் கறையானும் ஒரு கமக்காரன்தான்! அந்த நினைவில் இங்கு புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடையைச் சமைக்க எண்ண வேண்டாம். வெப்ப நாடுகளில் அப்படி முளைக்கும் ஒரு வகை கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும். வெள்ளிக் கரண்டி, மஞ்சள், பூண்டு போட்டுச் சோதிப்பதை நம்பவே கூடாது.

உண்ணாமலே படிக்கலாம். குடையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் வைத்து, கோப்பையால் மூடி, காலையில் எடுங்கள். வித்துத்தூள் கோலம் போட்டிருக்கும். மேற்சொன்ன நச்சு வகை பச்சை நிறம் காட்டும். வேறு நிறம் வந்தாலும் உண்ணத் தக்கது என்று பொருளில்லை. கையைக் கழுவிவிட்டு நிறத்தைக் கொப்பியில் எழுதுங்கள்.

பெயர் தெரியாதவற்றைப் படமாக வரைந்து அம்மம்மா, தாத்தாவிடம் காட்டச் சொல்லுங்கள். ஒரே குருவிக்கு மன்னாரில் ஒரு பெயரும் மட்டக்களப்பில் வேறொரு பெயரும் இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள்.