தாங்கிய கரங்கள்

வீரர் வரலாறு கூறும் திரைப்படங்கள் பலவும் ஒருவனது தோள்வலியையே போற்றுவன. வலியிழந்து கிடக்கும் வீரனையும் அவனைத் தாங்கிச் செல்லும் எளிய மாந்தரையும் ஒருங்கே காட்டுவன மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று ‘ஒன்பது உயிர்கள்’ என்னும் நார்வேப் படம். அதனை ஆக்கிய ஆர்னே ஸ்கோவன் என்பாரின் கலைவாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1913-ஆம் ஆண்டில், பின்னர் ஆஸ்லோ எனப் பெயர் பெற்ற தலைநகரிற் பிறந்தார். முதலிற் பத்திரிகையாளராகவும் நாவலாசிரியராகவும் விளங்கினார். ஜெர்மானியர் தம் நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்து எதிர்ப்பியக்கத்தின் பத்திரிகைப் பணியில் ஈடுபட்டு, பின்பு சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். போர் ஓய்ந்தபின், தாம் எழுதிய ‘தெருப் பையன்கள்’ என்னும் நாவலை உல்ஃப் கிரேபர் என்பாருடன் கூடி 1949-இற் படமாக்கினார். ஆஸ்லோ நகரத் தொழிலாளர் தெருக்களில் வறுமையோடு வளரும் சிறுவரே அதன் மாந்தர். அதுதொடங்கி இருபது ஆண்டுகளில் இவர் ஆக்கிய படங்கள் 17.

அவற்றுள் தலைசிறந்தது 1957-இல் வெளிவந்த ‘ஒன்பது உயிர்கள்’. இது கட்டுக்கதையன்று. 1943-இல் வட நார்வேக் கரையிற் பகைவரிடம் சிக்கிய படகொன்றில் இருந்த 12 பேருள், பால்ஸ்ருட் என்னும் வீரர் ஒருவரே உயிர் தப்பினார். பனியிலே ஓடினார், பனிச்சரிவிற் சிக்கினார், கண் ஒளி மழுங்கினார், குளிரால் அழுகிய தம் கால்விரல்களைத் தாமே அறுத்தெறிந்தார். முடிவில் எழுந்து நிற்கவும் இயலாராயினார். அந்நிலையில் அவரை ஊரார் மறைத்து வைத்து உணவூட்டினர். சறுக்கு வண்டியிற் கிடத்தி மலைமேல் இழுத்துச் சென்றனர். சாமி எனப்படும் வடபுலப் பழங்குடியினர் அவரைப் பனிமான் வண்டியிற் சுவீடன் எல்லை கடத்தினர். கண்டுபிடிக்கப்பட்டால் தமக்குச் சாவே தண்டனை என்பதனை அறிந்தும் இதனைச் செய்தனர்.

நண்பர்காள்! கதை இவ்விடத்தே திசை மாறுதலைக் காண்மின். முற்பகுதியில் ஓடுகின்றவர் தலைவர். பிற்பகுதியிற் சுமக்கின்றவரே தலைவர். ‘இயலாதவன் ஒருவனுக்காக இத்துணைப் பேர் தம் உயிரைப் பணயம் வைக்கலாமோ?’ என்னும் வினாவிற்கு ஊரார் சொல்லால் விடை கூறினாரல்லர், செயலாற் கூறினர்.

இப்படம் அமெரிக்க ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. பரிசு இத்தாலியராகிய ஃபெல்லினியின் படத்திற்குச் சென்றது. ஆயினும் ஸ்கோவனின் பெருமை பரிசினால் அளக்கத்தக்கதன்று. படத்தில் எழுப்பிய வினாவை அவர் தம் நாட்டு மக்கள்முன்னும் வைத்தார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் புறக்கணிக்கப்படுதல் கண்டு, 1965-இல் ‘குறையுடையோர்க்கு நீதி’ என்னும் இயக்கத்தைத் தொடங்கி, பத்திரிகைகளில் ஓயாது எழுதினார். அவர் வேண்டியது இரக்கமன்று, உரிமை.

1969-இல் லிவ் உல்மன் நடித்த ‘ஆன் மாகிரித்’ என்பதே அவர்தம் இறுதிப் படம். ரோரோஸ் சுரங்க நாட்டில் உழைப்போர்பொருட்டு நிற்கும் ஏழைப் பெண்ணின் கதை அது. அதன்பின் படத்தொழிலை விடுத்து, எழுதுகோலையே கருவியாகக் கொண்டார். 2003-இல் மறைந்தார்.

ஒரு நாட்டின் வலிமையை அதன் வீரரைக்கொண்டு மட்டும் அளத்தல் சாலாது. வீழ்ந்தோரைத் தாங்கும் கரங்களையும் எண்ணுதல் வேண்டும். ஸ்கோவன் படத்தாலும் எழுத்தாலும் உணர்த்தியது இதுவேயாம்.